சுஜாதா: துப்பறியும் தொடர்கதையிலிருந்து நாடக மேடை வரை

குனோங் ராபாட், சிம்பாங் பூலாய் வட்டாரத்தில் அறுபதைத் தாண்டிய வாசகர்கள் வீட்டுப் பழைய அலமாரியைத் திறந்து பாருங்கள். தோட்டத்து லயத்திலிருந்து பட்டணத்துக்குக் குடிவந்தபோது எத்தனையோ சாமான்களைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். ஆனால் வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து, ஊசி நூலால் தைத்து, பழுப்புத்தாள் அட்டை போட்ட ஒரு கட்டு எங்காவது ஒரு மூலையில் இருக்கும். பிரித்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அவற்றில் ஒன்று சுஜாதா.

இளையவர்களுக்கு அவரைத் தெரிந்த வழி வேறு. 'இந்தியன்', 'முதல்வன்', 'அந்நியன்', 'சிவாஜி', 'எந்திரன்' படங்களின் வசனகர்த்தா என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். கதை வாசித்தவர்கள், படம் பார்த்தவர்கள் இரு தரப்புக்கும் அதிகம் தெரியாத மூன்றாவது சுஜாதா ஒருவர் உண்டு. அவர் நாடகம் எழுதியவர். இந்தக் கட்டுரை அவரது வாழ்க்கைப் பாதையைச் சொல்லி, நாடகத்தில் சற்று அதிக நேரம் நிற்கப் போகிறது.

ரங்கராஜன் சுஜாதா ஆனது

இயற்பெயர் எஸ். ரங்கராஜன். 1935 மே 3ஆம் தேதி சென்னையில் பிறந்தார். பாட்டியின் பராமரிப்பில் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார், பிறகு சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுப் பொறியியல். பின்னாளில் இந்தியக் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம் இந்த இரண்டு இடத்திலும் அவர் காலத்து மாணவர்.

படிப்பு முடிந்ததும் விமானப் போக்குவரத்துத் துறையில் அரசாங்க வேலை கிடைத்தது. விமானம் ஏறுவதையும் இறங்குவதையும் தரையிலிருந்து வழிநடத்தும் பணி. அதன்பின் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துக்கு மாறி, பணி ஓய்வு வரை அங்கேயே இருந்தார். இந்தியாவில் இன்று பயன்படும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை அந்த நிறுவனம் உருவாக்கியபோது, அந்தப் பணியில் முன்னின்றவர்களில் அவர் ஒருவர். "சுஜாதாதான் ஓட்டு மெஷினைக் கண்டுபிடித்தார்" என்று சிலர் சொல்வது கொஞ்சம் கூடுதல். அரசாங்க நிறுவனங்கள் இரண்டு அதில் ஈடுபட்டிருந்தன, அவருடைய பங்கு பெங்களூர்க் குழுவில். 1982இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் அந்த இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் சொல்ல, பிறகு சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. நாம் இங்கே இன்னும் காகிதத்தில்தான் குறி போடுகிறோம்.

எழுத்து அலுவலகம் முடிந்த பிறகுதான். கல்லூரி நாள்களில் திருலோக சீதாராம் நடத்திய 'சிவாஜி' இதழில் முதல் கதை வந்தது. அதன்பின் நீண்ட இடைவெளி. 1960களில் குமுதத்துக்குக் கதை அனுப்பத் தொடங்கியபோது ஒரு சிக்கல். குமுதம் ஆசிரியர் குழுவிலேயே ரா.கி. ரங்கராஜன் என்ற பிரபல எழுத்தாளர் இருந்தார். ஒரே பத்திரிகையில் இரண்டு ரங்கராஜன்கள் எழுதினால் வாசகர் குழம்புவார்கள். ஆகவே மனைவியின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். எழுதுவது ஒரு பெண் என்று நம்பி அவருக்குக் கடிதம் எழுதிய வாசகர்களும் இருந்தார்களாம்.

இதே காலத்தில் 'கணையாழி' என்ற சிறுபத்திரிகையில் 1965 முதல் 'ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.' என்ற பெயரில் கடைசிப் பக்கம் எழுதினார். லட்சக்கணக்கில் விற்கும் வார இதழில் கொலைக் கதை, சிறுபத்திரிகையில் இலக்கியக் குறிப்பு. இரண்டையும் ஒரே ஆள் எழுதலாம் என்பதை அந்த நாளில் பலர் ஏற்கவில்லை. வணிக எழுத்தாளர் என்று ஒரு பக்கம் தள்ளியது. மறு பக்கம் அவரைப் பற்றிக் கவலைப்படவே இல்லை, அடுத்த வாரம் கொலையாளி யார் என்று தெரிந்தால் போதும். சாகித்ய அகாதெமி விருது கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை.

கணேஷ், வசந்த், ஜீனோ

1968இல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' அவரைத் தமிழ்நாடு முழுவதும் அறிய வைத்தது. வழக்கறிஞர் கணேஷ் அதில்தான் அறிமுகமானார். அவருடைய உதவியாளர் வசந்த் 'ப்ரியா' தொடரில் வந்து சேர்ந்தார். கணேஷ் நிதானம், வசந்த் குறும்பு. இந்த இருவரையும் வைத்து எழுதிய கதைகளில் 'கொலையுதிர் காலம்' பலருக்குப் பிடித்தது. நடப்பது பேய் வேலையா, விஞ்ஞானமா என்று கடைசிவரை இழுத்துக்கொண்டு போவார்.

'ப்ரியா'வைப் பற்றி நம் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு தகவல். கதை லண்டனில் நடக்கிறது. 1978இல் எஸ்.பி. முத்துராமன் இயக்கத்தில் ரஜினிகாந்த், ஸ்ரீதேவி நடித்துப் படமானபோது சிங்கப்பூருக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த ஆண்டே கே. பாலசந்தரின் 'நினைத்தாலே இனிக்கும்' வந்தது. அதற்கும் கதை சுஜாதா, அதிலும் சிங்கப்பூர். கதையைப் படித்துவிட்டுப் படம் பார்க்கப் போனவர்கள் ஏமாந்தார்கள் என்பது ஒரு பக்கம். கடல் தாண்டி வாழும் தமிழர்கள் தங்கள் பக்கத்துத் தெருக்களைத் திரையில் பார்த்து மகிழ்ந்தார்கள் என்பது இன்னொரு பக்கம்.

எல்லாத் தொடரும் சுமுகமாகப் போகவில்லை. 1857 சிப்பாய்க் கிளர்ச்சியை வைத்துக் குமுதத்தில் 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' என்று ஒரு வரலாற்றுத் தொடர் தொடங்கினார். ஒரு சமூகத்தாரை இழிவுபடுத்துவதாக எதிர்ப்பும் மிரட்டலும் கிளம்பின. தொடர் பாதியில் நின்றது. பிறகு மாற்றி எழுதி 'ரத்தம் ஒரே நிறம்' என்ற பெயரில் வெளிவந்தது. வாரா வாரம் பல லட்சம் பேர் படிக்கிறார்கள் என்றால் கோபிப்பவர்களும் அதே கணக்கில் இருப்பார்கள் என்பதை அன்று கற்றுக்கொண்டார்.

விஞ்ஞானக் கதையில் அவருக்கு முன்னும் தமிழில் முயற்சிகள் உண்டு. ஆனால் வீட்டுத் திண்ணை வரை அதைக் கொண்டுவந்தவர் அவர்தான். 1980களில் ஆனந்த விகடனில் வந்த 'என் இனிய இயந்திரா', 2020களின் இந்தியாவைக் கற்பனை செய்தது. எல்லாவற்றையும் ஜீவா என்ற ஆட்சியாளர் கட்டுப்படுத்துகிறார். நிலா என்ற பெண்ணுக்குத் துணையாக வருவது ஜீனோ என்ற இயந்திர நாய். கட்டளைக்குக் கட்டுப்பட்டிருந்த நாய் மெல்ல மெல்லச் சொந்தமாக யோசிக்கத் தொடங்குகிறது. 'மீண்டும் ஜீனோ' அதன் தொடர்ச்சி. கைப்பேசியிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் இன்றைய பிள்ளைகளிடம் இந்தக் கதையைக் கொடுத்துப் பாருங்கள், பழைய கதை என்று சொல்ல மாட்டார்கள்.

குறையும் சொல்ல வேண்டும். வாரத்துக்கு ஒன்று, சில சமயம் ஒரே நேரத்தில் நான்கைந்து தொடர் என்று எழுதியவர். அதனால் சில கதைகளின் முடிவு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது போல இருக்கும். வசந்த் பெண்களைப் பற்றி அடிக்கும் ஜோக்குகளை இன்று என் மகளிடம் வாய்விட்டுப் படித்துக் காட்ட எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அதே கை 'நகரம்' என்ற சிறுகதையையும் எழுதியது. கிராமத்துத் தாய் வள்ளியம்மாள், காய்ச்சலில் கிடக்கும் மகள் பாப்பாத்தியைத் தூக்கிக்கொண்டு மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். உடனே சேர்க்க வேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிடுகிறார். ஆனால் அந்தச் சீட்டு, இந்த அறை, அங்கே போய் கையெழுத்து என்று அலைந்து, எழுதப் படிக்கத் தெரியாத அவள் கடைசியில் மகளைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிடுகிறாள். யாரும் கெட்டவர் இல்லை, யாரும் அவளை விரட்டவும் இல்லை. பாஷை புரியாத கவுண்டரில் பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நம் தோட்டத்துப் பாட்டிகளுக்கு அந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பூர்ணம் விஸ்வநாதனும் அரை வட்ட மேடையும்

1970களின் சென்னை நாடக உலகம் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் சுஜாதா அங்கே என்ன செய்தார் என்பது விளங்கும். பெரிய கம்பெனி நாடகங்களின் காலம் ஓய்ந்துகொண்டிருந்தது. அவற்றின் இடத்தில் சபா நாடகங்கள் வந்தன. பகலில் பேங்க்கிலும் அலுவலகத்திலும் வேலை செய்பவர்கள் மாலையில் ஒத்திகை பார்த்து, வார இறுதியில் சபா உறுப்பினர்களுக்கு நடித்துக் காட்டுவார்கள். சோவின் அரசியல் நையாண்டி, மௌலி, விசு, காத்தாடி ராமமூர்த்தி என்று ஒரு வரிசை. சிரிப்பு நிறைய இருந்தது. போகப்போக இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஜோக் வராவிட்டால் கூட்டம் நெளியும் என்ற நிலையும் வந்தது. இன்னொரு முனையில் 1977இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையையும், 1978இல் ஞாநி பரீக்ஷாவையும் தொடங்கினார்கள். அங்கே சபா செட்டும் கிடையாது, சபா ஜோக்கும் கிடையாது. பார்வையாளர் கூட்டமும் சிறியது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வரப்பு இருந்தது. அதில் நடந்தவர்கள் பூர்ணம் விஸ்வநாதனும் சுஜாதாவும்.

பூர்ணத்தை 'வருஷம் 16', 'மகாநதி' படங்களில் பார்த்திருப்பீர்கள். படத்துக்கு வருமுன் அவர் தில்லியில் அகில இந்திய வானொலியின் தமிழ்ச் செய்தி வாசிப்பாளர். 1947 ஆகஸ்டில் இந்தியா விடுதலை பெற்ற செய்தியைத் தமிழில் வாசித்த குரல் அவருடையது. தில்லியிலேயே தமிழ் நாடகம் போட்டுப் பழகியவர். சென்னைக்கு வந்த பிறகு 'பூர்ணம் நியூ தியேட்டர்' என்ற சொந்தக் குழுவை நடத்தினார். சுஜாதாவும் தில்லியில் அரசாங்கச் சம்பளத்தில் இருந்தவர்தான். ஒருவருக்குப் பேச்சின் ஓசை தெரியும், மற்றவருக்குப் பேச்சு எப்போது நிற்க வேண்டும் என்று தெரியும். சுஜாதாவின் முக்கிய நாடகங்கள் பூர்ணத்தின் குழுவுக்காகவே எழுதப்பட்டு, பூர்ணத்தைத் தலைமைப் பாத்திரத்தில் வைத்தே மேடையேறின.

அதிகம் பேசப்படுவது 'கடவுள் வந்திருந்தார்'. அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்று மாலையோடு வீட்டுக்கு வருகிறார் சீனிவாசன். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், இ.பி.எஃப். பணத்தோடு வீட்டுக்கு வந்த ஆள். மறுநாளிலிருந்து அவருக்கு வேலை இல்லை, வீட்டில் மரியாதையும் ஒரு படி இறங்குகிறது. விஞ்ஞானக் கதைப் புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கும்போது எதிர்காலத்திலிருந்து ஜோ என்ற ஆள் வந்து நிற்கிறான். அவன் சீனிவாசன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். மனைவிக்கும் மகளுக்கும் தெரியாது. தனியாகப் பேசுகிறார், சோபாவைப் பார்த்துச் சிரிக்கிறார் என்றால் வீட்டார் என்ன நினைப்பார்கள்? முதலில் பைத்தியம் என்கிறார்கள். பேய் ஓட்டவும் ஆள் வருகிறது. அடுத்து யாரோ ஒருவருக்கு, இவர் மேல் கடவுள் வந்திருக்கிறார் என்று தோன்றிவிடுகிறது. அவ்வளவுதான், காலில் விழக் கூட்டம் சேர்ந்துவிடுகிறது.

மேடையில் இது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கவனியுங்கள். ஜோ பார்வையாளருக்குத் தெரிகிறான், மேடையில் நிற்கும் மற்றவர்களுக்குத் தெரிவதில்லை. எந்தத் தந்திரக் காட்சியும் தேவையில்லை, விளக்கு வித்தையும் தேவையில்லை. நடிகர்கள் ஓர் ஆளைப் பார்க்காதது போல் நடித்தால் போதும், சிரிப்பு தானாக வரும். அந்தச் சிரிப்புக்கு அடியில் கசப்பான ஒரு விஷயம் ஓடுகிறது. உண்மையைச் சொன்னபோது மனிதரைப் பைத்தியம் என்றார்கள். அதே மனிதர் அதே சொற்களைச் சொன்னபோது சாமி என்றார்கள். மனிதர் மாறவில்லை, அவரால் மற்றவர்களுக்கு ஆகும் காரியம்தான் மாறியது.

'ஊஞ்சல்' வேறு ரகம். ஒரு காலத்தில் தொழிலில் கொடிகட்டிப் பறந்து, பிறகு நொடித்துப்போன பெரியவர். பழைய பெருமையைப் பேசிக்கொண்டு ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருக்கிறார். பழைய தொடர்பைப் பிடித்து எப்படியும் மீண்டும் எழுந்துவிடலாம் என்று நம்புகிறார். வீட்டைத் தாங்குவதோ கல்யாணமாகாத மகள். அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லரின் 'ஒரு விற்பனையாளனின் மரணம்' நாடகத்தோடு இதை ஒப்பிடுவோர் உண்டு. உறவு இருக்கலாம். ஆனால் அந்த ஊஞ்சலும், மகளின் சம்பளத்தில் காப்பி குடித்துக்கொண்டே அவளுக்குப் புத்தி சொல்லும் தோரணையும் நம் வீட்டுச் சரக்கு. என்னைக் கேட்டால் அவர் நாடகங்களில் இதுதான் முதலிடம். நிறையப் பேர் 'கடவுள் வந்திருந்தார்' என்பார்கள்.

'டாக்டர் நரேந்திரனின் வினோத வழக்கு' மருத்துவத்தையும் நீதிமன்றத்தையும் எதிரெதிரே நிறுத்துகிறது. துப்பறியும் கதை எழுதிப் பழகிய கை அதில் நன்றாகத் தெரியும். 'அடிமைகள்', 'அன்புள்ள அப்பா', 'பாரதி இருந்த வீடு', 'சிங்கமய்யங்கார் பேரன்' ஆகியவையும் உண்டு. 'சரளா', 'முயல்', 'வந்தவன்' போன்ற குறுநாடகங்கள் தனி.

கதைகளில் சுஜாதா எழுத்தை வைத்தே விளையாடுவார். ஒருவன் படியிறங்கினால் எழுத்தும் படிப்படியாக இறங்கும். மேடையில் அந்த வித்தைக்கு இடமில்லை. வருணனையும் கிடையாது. நடிகர் வாயில் வரும் பேச்சு மட்டும்தான் அவருக்கு மிச்சம். வாரப் பத்திரிகையில் பக்கம் நிரப்ப ஓடிய எழுத்து, இங்கே ஒத்திகையில் பத்துத் தடவை வாய்விட்டுப் பேசப்பட்டு அடங்கியது. தொடர்கதைகளைவிட நாடகங்களில் முடிவுகள் உறுதியாக நிற்பதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம். பின்னாளில் மணிரத்னத்துக்கு 'ரோஜா'வும் 'கன்னத்தில் முத்தமிட்டா'லும், ஷங்கருக்கு 'இந்தியன்' முதல் 'எந்திரன்' வரையும் வசனம் எழுதியபோது, நான்கே சொல்லில் முடியும் அந்தப் பேச்சுக்கு மேடைதான் பயிற்சிக் கூடமாக இருந்திருக்க வேண்டும்.

1990களில் ஓய்வு பெற்றுச் சென்னைக்கு வந்தார். சில காலம் குமுதத்தின் ஆசிரியராக இருந்தார். விகடனில் 'கற்றதும் பெற்றதும்' எழுதினார். அறிவியலை மக்களிடம் கொண்டு சென்றதற்காக 1993இல் இந்திய அரசின் விருது கிடைத்தது. இணையம் வந்ததும் 'அம்பலம்' என்ற மின்னிதழை நடத்தினார். இங்கே நம் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலைக் கொண்டு தமிழைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. 2008 பிப்ரவரி 27ஆம் தேதி சுஜாதா சென்னையில் காலமானார். அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி பூர்ணமும் போய்ச் சேர்ந்தார். நாடகம் எழுதியவரும் நடித்தவரும் ஏழு மாத இடைவெளியில்.

எழுதியவரும் நடித்தவரும் போன பிறகு

கதைக்கு ஆபத்தில்லை. புத்தகம் அச்சில் இருக்கும், மின்னூலாகவும் கிடைக்கும். நாடகம் அப்படியல்ல. ஒரே குழு, ஒரே முக்கிய நடிகர் என்று அமைந்துவிட்ட நாடகம், அந்த நடிகர் போனதும் புத்தகத்துக்குள் படுத்துவிடும். பூர்ணத்திடம் பயின்றவர்கள் சென்னையில் சில நாடகங்களை மீண்டும் மேடையேற்றியிருக்கிறார்கள். பழைய கூட்டம் வந்து பார்த்து, பூர்ணத்தின் குரலைத் தேடிவிட்டுப் போகிறது. புதிய ஊர், புதிய நடிகர், புதிய உச்சரிப்பு என்று நாடகம் இன்னும் பரவலாகப் போகவில்லை.

நம் தோட்டங்களில் கோயில் திருவிழா என்றால் நாடகம் இருந்தது. ஆண்களே பெண் வேடம் கட்டி, கோயில் திடலில் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் விடிய விடிய நடித்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்துக்கு வந்தபோது கோயிலைக்கூட எடுத்து வந்து கட்டிக்கொண்டோம். நாடகம் வரவில்லை. வானொலி நாடகம் கொஞ்ச காலம் அந்த இடத்தை நிரப்பியது. இன்று கோயில் மண்டபத்திலும் பள்ளி ஆண்டு விழாவிலும் பதினைந்து நிமிட நகைச்சுவைக் காட்சியோடு முடிந்துவிடுகிறது.

சுஜாதா நாடகங்கள் அந்த மண்டபத்துக்குப் பொருந்தும் அளவில்தான் இருக்கின்றன. 'கடவுள் வந்திருந்தா'ருக்கு ஒரு வீட்டுக் கூடம் போதும், சோபா ஒன்று, நாற்காலிகள் சில. 'ஊஞ்சலு'க்கு ஓர் ஊஞ்சல், அதுவும் கிடைக்காவிட்டால் சாய்வு நாற்காலி. ராஜா உடை வேண்டாம், பாட்டு வேண்டாம். ஒரு தடை மொழி. பாத்திரங்கள் சென்னை, ஸ்ரீரங்கத்துப் பிராமணக் குடும்பப் பேச்சைப் பேசுகிறார்கள். அதை நாம் போலி செய்தால் கேலியாகிவிடும். சீனிவாசனை ஈப்போ மாநகர் மன்ற அலுவலகத்தில் முப்பது வருடம் கணக்கெழுதிவிட்டு வந்தவராக, நம் பேச்சிலேயே பேச வைத்தால் நாடகம் உடைந்து போகாது. உள்ளே இருக்கும் வீட்டுக் கணக்கு எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

அப்படி மாற்றி நடிக்க நினைக்கும் இளைஞர் மன்றங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எழுத்தாளர் மறைந்தாலும் உரிமை மறைவதில்லை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை, மலேசியச் சட்டப்படி 50 ஆண்டு வரை படைப்புரிமை அவர் வாரிசுகளுக்கு உண்டு. சுஜாதாவின் எழுத்துக்கு இங்கே அது 2058 முடியும் வரை. டிக்கெட் இல்லாத நிகழ்ச்சிதானே என்று விட்டுவிடக் கூடாது. பொது மேடையில் நடிக்கவும், வசனத்தை மாற்றவும் முன்கூட்டியே எழுதிக் கேட்பதே முறை. நாடகங்கள் தனி நூல்களாகவும் தொகுப்பாகவும் வந்திருக்கின்றன, பதிப்பகத்தின் வழியாகக் கேட்கலாம். பதில் வர நாளாகும். அதற்குள் சீனிவாசனாக யார் நடிப்பது என்று பேசி முடித்துவிடலாம், எப்படியும் அதில்தான் முதல் சண்டை வரும்.